ஒரே ஒரு வார்த்தை

நான் வாயைத் திறப்பதற்குள் அரங்கம் சிரித்துவிட்டது.

டப்ளின் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. நான் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் மந்திரி. ஒட்டு மீசை, நீளக் கோட்டு, அட்டைத் தொப்பி.

அந்தக் காலத்து மியூசிக் ஹால் எனும் கேளிக்கை அரங்குகளில் பெரிய மனிதர்களை இப்படித்தான் மேடையேற்றிக் கிண்டல் செய்வார்களாம். படித்ததும் பிடித்துப்போய் நானே எழுதினேன். மந்திரிக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

நடிக்க வேண்டியவனுக்குக் காய்ச்சல். அதனால் நான்.

இதுவரை நான் செய்தது, கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, மணி பார்க்காமலே திரும்பப் பைக்குள் போட்டது மட்டும்தான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"ஒரே ஒரு வார்த்தை" என்றேன். அரைமணி நேரப் பேச்சை மந்திரி இப்படித்தான் தொடங்குவார்.

கூரை அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. முன் வரிசையைப் பார்த்தார்கள்.

அங்கே சங்கத் தலைவர் நாகரத்தினம் உட்கார்ந்திருந்தார். எனக்கு இந்த மேடையை வாங்கித் தந்தவர். அவர் சிரிக்க வேண்டும் என்றே பாதி வசனங்களை எழுதியிருந்தேன்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அதன் பிறகு சிரிக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் நண்பன் இனியன் ஓடி வந்தான்.

"சான்ஸே இல்ல, விஷாகா! அங்கிளை அப்படியே உரிச்சு வச்சிட்ட!"

"எந்த அங்கிள்?"

அதற்கும் சிரித்தான்.

எழுதியதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கடிகாரம், அந்த வார்த்தை, இரண்டுமே நான் படித்ததில் இல்லை. நானாக யோசித்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

நன்றியுரைக்குத் தலைவர் மேடையேறினார். மைக்கைப் பிடித்தார். வாட்ச் கட்டிய இடது மணிக்கட்டு கண்ணை நோக்கி உயர்ந்து, பாதியில் நின்றது. அரங்கம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தது.

"நன்றி" என்றார். இறங்கிவிட்டார்.

பார்க்கிங்கில் எனக்காகக் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என் மேலுதட்டில் மீசைப் பசை இன்னும் இழுத்தது.

ஏதாவது சொல்லியாக வேண்டும். என் கை தானாக உயர்ந்தது. மணி எத்தனை என்று பார்க்கவில்லை.

"அப்பா, ஒரே ஒரு..."