பொங்கியண்ணன் பார்த்த ரிப்பேர்

"சாப்பாடெல்லாம் வேண்டாமுங்க. காபி குடிச்சதே போதும். போயி கலந்து பேசிட்டு சொல்லியுடறோம்."

பொங்கியண்ணன் இப்படிச் சொல்லிவிட்டு எழுந்ததும் பெண்ணின் அப்பா தேவராஜின் முகம் வாடிவிட்டது. பெண் பார்க்க வந்த வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி. நனைக்காமல் கிளம்பினால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

மாப்பிள்ளை பூபதி பாவம். பெண் சுஜிதா கொடுத்த காபி ஆறி ஏடு படிந்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் வைத்துப் பூபதியின் அம்மா பழனாயி கணவர் பொங்கியண்ணனை மடக்கினாள்.

"ஏனுங்க, பொண்ணு லட்சணமா இருக்குது, படிச்சிருக்குது. பையனுக்கும் புடிச்சுப்போச்சு. உங்களுக்கு என்னங்க கொறை?"

"பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. ஊடுதான் மலை மேல இருக்குது. எழுபது கொண்டை ஊசி வளைவு! வருசத்துக்கு நாலு தடவை வந்து போனா பிரேக் என்னத்துக்கு ஆகும்?"

சம்பந்தத்தையே பிரேக்கை வைத்து அளக்கிற மனிதர். இருபது வருஷம் அம்பாசடர் ஓட்டியவர். அதில் வேறொரு மெக்கானிக்கின் கை பட விட்டதில்லை. புதுக் கார் வாங்கி எட்டு மாதமாகியும் அதே வீம்புதான். ஆயிலை அவரே மாற்றினார், ஹாரனை அவரே மாட்டினார், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் டூப்ளிகேட் சாவிகூட வெட்டி வைத்தார். கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"சாவியக் குடு, கெளம்பலாம்."

வண்டியை நிறுத்தியதும் சாவியை மனைவியிடம் கொடுத்துவைப்பது அவர் வழக்கம். பழனாயி கைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள்.

சாவியைத் திருகினார். வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் திருகினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றதோடு சரி.

"இதெல்லாம் நமக்கு ரெண்டு நிமிச வேலைங்க" என்று தேவராஜிடம் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தார்.

"டேய் பூபதி, கார்புரேட்டர் எங்கடா?"

"இதுல அது இல்லீங்கப்பா."

"டிஸ்டிரிபியூட்டரு?"

"அதுவும் இல்லீங்க."

"அப்பறம் என்னதான்டா இருக்குது?"

"கம்ப்யூட்டருங்க."

பிளக்கைக் கழற்றலாமென்றால் அதன் மேல் பிளாஸ்டிக் மூடி. மூடியைக் கழற்றலாமென்றால் நட்சத்திர வடிவத்தில் ஸ்குரூ. டிக்கியிலிருந்த பதினெட்டு ஸ்பேனரில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அவருக்கு அடையாளம் தெரிந்தது பேட்டரி ஒன்றுதான். அதன் முனைகளைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினார். பலனில்லை. தோட்டத்து ஆட்கள் நாலு பேர் மிளகு காய்கிற களத்தைச் சுற்றி வண்டியை இரண்டு முறை தள்ளியும் பார்த்துவிட்டார்கள்.

தேவராஜ் உள்ளே போய்க் கம்பெனிக்குப் போன் பண்ணிவிட்டு வந்தார். "நாளைக்குக் காலையில கம்ப்யூட்டரோட ஆள் அனுப்பறாங்களாமுங்க."

"பஸ்ஸு?"

"இனி நாலு மணிக்குத்தானுங்க."

மணி ஒன்றரை. அடுக்களையிலிருந்து தட்டப்பயறுக் குழம்பின் வாசம் களம் வரைக்கும் வந்தது. பொங்கியண்ணன் எச்சில் விழுங்கியதைப் பழனாயி பார்த்துவிட்டாள்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்குது. நேரத்துக்குச் சாப்பிடலீனா மயக்கம் வந்துரும். ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"கை நனைச்சா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியுமுங்க. அந்தக் கிரீஸ் கையை எப்படியும் நனைச்சுத்தானே ஆகோணும்?"

அவர் கைகழுவப் போனார். வண்டியிலிருந்து சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு பழனாயியும் பின்னாலேயே போனாள்.

இரண்டு வாய் என்று உட்கார்ந்தவர் குழம்புக்கு ஒரு முறையும் ரசத்துக்கு இரண்டு முறையும் சோறு வாங்கினார். சுஜிதா கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். மூன்றாவது முறை தேவராஜே ரசத்தை எடுத்து வந்தபோது அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை தானாக வந்தது.

"போதுங்க சம்பந்தி, வயித்துல எடமில்ல."

பூபதிக்குப் புரையேறியது. வாசலில் பேசியதைக் கேட்டிருந்த தேவராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரேக்கு...?" என்று இழுத்தார்.

"அது கெடக்குது போங்க. தேஞ்சா நானே மாத்திக்குவேன்."

சூட்டோடு சூடாக வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது.

மூன்று மணிக்கு, கடைசியாக ஒரு தடவை பார்க்கலாமென்று பொங்கியண்ணன் வண்டியில் ஏறினார். பழனாயி பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். ஒரே திருகு. இன்ஜின் உறுமியது.

"பாத்தீங்களா சம்பந்தி! பேட்டரியத் துடைச்சு உட்டேன்ல? கம்ப்யூட்டராம் கம்ப்யூட்டரு!"

அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து எல்லோருக்கும் சத்தத்தைக் கேட்கவைத்துக்கொண்டிருந்தபோது, பழனாயி மருமகளைத் தனியே அழைத்து அவள் உள்ளங்கையில் ஒன்றை வைத்து மூடினாள்.

"என்னங்க அத்தை, சாவியா?"

"உங்க மாமா ராசிபுரத்துல வெட்டுனது கண்ணு. கதவைத் தொறக்கும், ஆனா வண்டியக் கெளப்பாது. கம்பெனிச் சாவிக்குள்ளதான் ஏதோ சில்லு இருக்குதுன்னு போன வாரம் அவருக்குத் தெரியாம நான் கேட்டப்ப ஒரு மெக்கானிக் சொன்னான். பத்திரமா வெச்சுக்க சாமி. இன்னைக்கு மாதிரி அந்த மனுசன் சாப்பிடாம கெளம்பறேன்னு நின்னா, இதை எடுத்துக் குடு."