ஒரு நாளைக்கு ஒன்று

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று சிறுநீரக டாக்டர் கேட்டார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஐயோ, இவரா? தலைவலி மாத்திரையவே பாதியா உடைச்சு, மீதிய திருப்பி டப்பாவுல போடுற ஆளு டாக்டர்!"

டாக்டர் சிரிக்கவில்லை. மேசைமேல் கிடந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பேனாவால் தட்டிக்கொண்டிருந்தார். காரணம் தெரிந்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், தெரியாவிட்டால் சீக்கிரமே டயாலிசிஸ்தான் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, குடி இல்லை. பிறகு எப்படி என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் முதல் வேலையாக ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறுவான். கதவைச் சாத்திக்கொள்வான். கருவிப் பெட்டியின் அடித்தட்டில், பியூஸ் போட்டு வைக்கும் தகர டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்குவான்.

எச்.ஐ.வி.க்கான மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று.

கூட வேலை செய்கிறவனுக்கு விபத்து என்று ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் தெரியவந்தது. கல்யாணத்துக்கு முன்னால் செய்த முட்டாள்தனத்துக்கு, நல்ல காரியம் செய்யப் போய் மாட்டிக்கொண்டான்.

மாத்திரை தரும் மையத்தில் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார்கள். இந்த மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். இன்னொன்று, மனைவியை அழைத்து வர வேண்டும்.

இரண்டுக்குமே அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தடித்தான். ரத்தம் பார்க்கப் போனால் பாதி நாள் போய்விடும், எங்கே போனீர்கள் என்று அவள் கேட்பாள். அவளையே அழைத்துப் போவதென்றால் கேட்கவே வேண்டாம்.

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். சமீபமாகக் கொஞ்சம் இளைத்துப்போயிருந்தாள். அது தன் கண்ணில் படாத மாதிரி இருந்துவிட்டான். அவள் இருமினால் மட்டும் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வருவான். "என்ன, ஐயாவுக்கு அக்கறை பொத்துக்கிட்டு வருது?" என்று அவள் கிண்டல் செய்யும்போது செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

மனைவி மடியில் இருந்த பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அவளைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லலாம். டாக்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். சிறுநீரகமும் தப்பும், மானமும் தப்பும். இத்தனை வருடமும் இப்படித்தானே ஒவ்வொரு தடவையும் அவளை வெளியே உட்கார வைத்தோம் என்று நினைத்தபோது அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

சொல்லிவிட்டான். மாத்திரையின் பெயரைச் சொன்னான், நோயின் பெயரையும் சொன்னான். மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அவள் கத்துவாள், அறைவாள், எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தான். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர்தான் பேசினார். "காரணம் இதுவாத்தான் இருக்கும். வேற மருந்து மாத்திடலாம், பயப்படாதீங்க. ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணுதானே? அதுக்குப் போய் இவ்வளவு வேகமா கெட்டிருக்கே."

"ஒண்ணு இல்ல டாக்டர்," என்றாள் அவள். "ரெண்டு."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, டாக்டரிடமே பேசினாள்.

"போன வருஷம் எனக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் பார்த்தாங்கல்ல, அப்பவே எனக்கும் இருக்குன்னு சொல்லிட்டாங்க. யார்கிட்டருந்துன்னு தெரியாதா என்ன? கேட்டா அவமானத்துல ஏதாவது பண்ணிக்குவாரோன்னு பயந்து கேக்கல. மருந்துன்னாலே ஓடுற மனுஷன், நிச்சயமா எதுவும் எடுக்க மாட்டார்னு நெனச்சேன். நான்தான் தினம் ஒண்ணப் பொடி பண்ணி, சத்துப் பொடின்னு சொல்லித் தேன்ல குழைச்சுக் குடுத்தேன். நானே கெடுத்துட்டேனே டாக்டர்."

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கரண்டியை அவன் வாய்க்கு நேரே நீட்டுவாள். கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தால், சின்னப் பிள்ளையா நீங்க, முழுங்குங்க என்று அதட்டுவாள். அவளுக்குச் செய்த துரோகத்துக்கு இந்தக் கசப்பையாவது பொறுத்துக்கொள்வோம் என்று அவனும் மறுபேச்சில்லாமல் விழுங்கிவிடுவான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க குடுத்த மாத்திரை, அது மையத்துல உங்களுக்குன்னு குடுத்ததா?"

அவள் தலையாட்டினாள்.

"அப்போ நீங்க சாப்பிடுறது?"

அவள் பையின் வாரை மறுபடியும் சுருட்ட ஆரம்பித்தாள்.

டாக்டர் அவனுடைய காகிதங்களை ஓரமாக ஒதுக்கினார். ரத்தப் பரிசோதனைக்கான புதுச் சீட்டு ஒன்றை எடுத்துத் தேதி போட்டார்.

"உங்க வயசு என்னம்மா?" என்று கேட்டார்.