வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்

"அடைக்கலராஜ்."

"உள்ளேன் மேடம்."

வானதி பதிவேட்டை மூடினாள். இன்றைக்கும் நூற்றுக்கு நூறு வருகை.

கிழக்காசியவியல் முதலாண்டில் அவன் ஒருவன்தான் மாணவன். ஆடியில் வகுப்பு தொடங்கியபோது ஏழு பேர் இருந்தார்கள். ஆயுதபூஜை வருவதற்குள் ஆறு பேர் எதிர்க் கட்டடத்துக்குத் தாவிவிட்டார்கள். அங்கே டேட்டா அனாலிசிஸ், ஏ.ஐ. என்று இரண்டு பாடம்; பெஞ்சில் இடமில்லாமல் சில பிள்ளைகள் சுவரோரம் நின்றுகொண்டு படிக்கிறார்கள். வேலை கிடைக்கிற பக்கம் போகிறவர்களை என்ன குறை சொல்ல முடியும்?

இவன் மட்டும் போகவில்லை. பூதலூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவான். ஐப்பசி அடைமழையில் ரயில் நின்றுபோன நாளில்கூட இரண்டு பஸ் மாறி, தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தான்.

வானதி பலகையில் மூன்று சொற்களை எழுதினாள். இனே, கொமே, கோஹான்.

"வயல்ல நிக்கிறது ஒண்ணு, மூட்டையில இருக்கிறது ஒண்ணு, தட்டுல விழறது ஒண்ணு. நெல்லு, அரிசி, சோறு. ஜப்பான்காரங்களும் நம்மள மாதிரியே மூணுக்கும் மூணு பேரு வச்சிருக்காங்க. இப்ப சொல்லு, அரிசிக்கு என்ன?"

"கோஹான் மேடம்."

"அது சோறுப்பா."

போன வாரமும் சோறுதான் சொன்னான். கடைசித் தேர்வில் முப்பத்தாறு மார்க். அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் நாற்று நட்டுப் படிக்க வைத்த பிள்ளை. மண்டையில் ஏறாவிட்டாலும் ஒருநாள் தவறாமல் வருகிறானே, இந்த மொழி மேல் எவ்வளவு ஆசை இருந்தால் இப்படி வருவான் என்று வானதி அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

அவளுக்கும் அவனை விட்டால் பேச ஆளில்லை. இரண்டு வருடம் ஒசாகாவில் இருந்தபோதுகூட இவ்வளவு தனிமை தெரியவில்லை. சொந்த ஊர் திருத்துறைப்பூண்டியில் அப்பா அம்மா போய்ச் சேர்ந்து, வீடும் பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலம் தஞ்சாவூர் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால், மறுநாள் காலை "உள்ளேன் மேடம்" கேட்கும் வரை அவள் காதில் ஒரு மனிதக் குரல் விழாது.

மதியம் இருவரும் வகுப்பிலேயே சாப்பிட்டார்கள். அவன் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவான். அவளோ ஆற அமரச் சாப்பிடுகிறவள். கை காய்ந்துபோனாலும் அவள் டிபன் பாக்ஸை மூடாமல் அவன் எழுந்திருக்க மாட்டான்.

"போய்க் கை கழுவிட்டு வாயேன்பா."

"இருக்கட்டும் மேடம். நீங்க மெதுவா சாப்பிடுங்க."

இன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சென்னையில் ஒரு ஜப்பான் கம்பெனி, மொழிபெயர்ப்பு வேலைக்கு மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டிருந்தது. நல்ல வேலை, சுற்றிப் பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கிற ஆபீஸ். மதியத்துக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கறாராக எழுதியிருந்தார்கள்.

அவள் போய்விட்டால் இந்தப் பாடத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். அப்புறம் இவன் கதி? காலையில் வகுப்புக்கு வருவதற்கு முன்பே 'வர இயலாது' என்று அனுப்பிவிட்டாள். அனுப்பியதிலிருந்து அந்த ஆபீஸ் நினைப்பாகவே இருக்கிறது. ஆனாலும் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

அவன் கை கழுவிவிட்டு வந்ததும், அலுவலகத்திலிருந்து வந்திருந்த படிவத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. பாடத்துல தொடர்றேன்னு நீ எழுதிக் குடுத்தா அடுத்த செமஸ்டரும் வகுப்பு நடக்கும்."

அவன் பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போடாமல் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கையெழுத்தை வாங்கிக்கொண்டு நடுவில் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று பயப்படுகிறான், பாவம். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

"பயப்படாதப்பா. நான் எங்கயும் போகமாட்டேன். மெட்ராஸ்ல நல்ல வேலைக்குக் கூப்பிட்டாங்க. இன்னிக்குக் காலையிலதான் வேணாம்னு எழுதிட்டேன்."

அவன் வெடுக்கென்று நிமிர்ந்தான்.

"ஏன் மேடம் வேணாம்னீங்க?"

"நல்லா கேட்ட போ. நீ ஒருத்தன் இவ்வளவு ஆசையா படிக்கிற. உன்னை நட்டாத்துல விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

அவன் பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். எதிர்க் கட்டடத்தில் வகுப்பு விட்டு, நூறு பேர் சளசளவென்று பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

"இனிமே அவங்களுக்கு எழுதிக் கேட்க முடியாதா மேடம்?"

"முடியாது. அத விடு. நீ கையெழுத்தப் போடு."

"ஏ.ஐ.ல எனக்கு அப்பவே சீட்டு கெடச்சுது மேடம்" என்றான், தலையைக் குனிந்துகொண்டே. "நீங்க தனியா ஆயிடுவீங்களேன்னுதான் போகல."