நாரையின் தம்ளர்

“டிசம்பர் ஏழு, ஞாயித்துக்கிழமை. அதுக்குக் கீழ என் பேரை எழுதி வச்சிட்டேன் மாஸ்டர். போன வாரமே எழுதிட்டேன். பழக்கதோஷம். தப்புதான், அழிச்சிடறேன்.”

கரும்பலகைக்கு முன்னால் துடைப்பானோடு நின்றாள் சிஹாரு. அரங்கின் முதலாளியான மாஸ்டர் பீர்க் குழாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அதுல என்ன தப்பு? மாசாமாசம் முதல் ஞாயிறு நீ பாடறதுதானே?”

“போன ரெண்டு மாசமும் என் தம்ளர் காலி. இன்னிக்கும் காலின்னா மூணு. மூணு தடவை காலியா இருந்தா அடுத்த தேதி கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன்தான். சாயங்காலம் பார்த்துக்கலாம், வை அதை.” மாஸ்டர் பலகையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “எனக்கு வேற கவலை. பதினாலு சும்மா கிடக்கு, இருபத்தொண்ணு சும்மா கிடக்கு. எல்லாக் குழுவும் ஏழுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. ஏழுல என்ன தேனா தடவியிருக்கு?”

“மத்த ஞாயிறெல்லாம் வருஷக்கடைசி விருந்துக்குப் போகணுமோ என்னவோ.”

கோயென்ஜி வட்டாரத்தின் அந்த நிலவறை இசையரங்கில் ஒரே டிக்கெட்டில் மூன்று குழுக்களைக் கேட்கலாம். அதனால் வாசலில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி உண்டு: ‘இன்னிக்கு யாரைப் பார்க்க வந்தீங்க?’ சொல்கிற பெயருக்குரிய தம்ளரில் ஒரு பீர் மூடி விழும். வாசலில் நின்று கேட்பவள் சிஹாரு. ‘நாரை’ என்ற பெயரில் தனியாகக் கிட்டார் வாசித்துப் பாடுபவளும் அவளே. வாசலில் முகக்கவசம் போட்டிருப்பாள் என்பதால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

மதியம் ஒத்திகைக்கு ஏறியபோது, மற்ற இரண்டு குழுக்களான ‘தொட்டிமீன்’, ‘மூணாம் மாடி’ இரண்டும் வழக்கம்போல முன்கூட்டியே வந்து தரையில் உட்கார்ந்து, பேச்சில்லாமல் சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தன. பாவம், தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு பாட்டைக் குறைத்துக்கொண்டு இறங்கினாள்.

“அவ்வளவுதானா?” என்றான் ‘தொட்டிமீன்’ குழுவின் டிரம்மர் தொதொரோகி.

“அவ்வளவுதான். இடத்தை அடைச்சுட்டேன், மன்னிச்சுக்கோ,” என்றாள். கிண்டல் செய்கிறான் என்றே நினைத்தாள்.

சாயங்காலம் கதவு திறந்தது. வெளியே மழை.

“யாரைப் பார்க்க வந்தீங்க?”

“தொட்டிமீன்! தொதொரோகி இன்னிக்கும் சட்டையைக் கழட்டுவாரா?” இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“நீங்க?”

“மூணாம் மாடி,” என்றார் குடையை உதறிய ஒருவர். “முதல்ல ஏதோ நாரைன்னு போட்டிருக்கே, அது முடிய எவ்வளவு நேரம் ஆகும்? எதிர்க்கடையில நூடுல்ஸ் சாப்பிட்டு வந்துடலாமான்னு பார்க்கறேன்.”

“அரை மணி நேரம் ஆகும் சார். நிதானமாவே சாப்பிடலாம்.”

“கேக்கிற மாதிரி இருக்குமா?”

சிஹாரு கொஞ்சம் யோசித்தாள். “சுமாரா இருக்கும்.”

அவர் நன்றி சொல்லிவிட்டு நூடுல்ஸுக்குப் போனார்.

கடைசியாக ஒரு வயதான தம்பதி நனைந்தபடி படியிறங்கி வந்தார்கள். “யாரைன்னு எல்லாம் இல்லம்மா. மழைக்கு ஒதுங்கினோம். நீயே பார்த்து ஒரு பேரைப் போட்டுக்கோ.”

கையில் இரண்டு மூடிகள். பக்கத்திலேயே காலித் தம்ளர். யாரும் பார்க்கவில்லை. சிஹாரு இரண்டையும் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வாசலை மாஸ்டரிடம் விட்டுவிட்டு மேடையேறினாள். முன்னால் வந்து நின்றது அந்தத் தம்பதி மட்டும்தான். பின்சுவர் ஓரமாக மற்ற இரண்டு குழுக்களும் கை கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. எப்போது முடிப்பாள், எப்போது சாமான்களை ஏற்றலாம் என்று நிற்கிறார்கள் என்று எண்ணி, கடைசிப் பாட்டைச் சற்று வேகமாகவே பாடி முடித்தாள். பிறகு தொட்டிமீன் வாசித்தது, மூணாம் மாடி வாசித்தது. தொதொரோகி சட்டையைக் கழற்றினான். கூரை அதிர்ந்தது.

கூட்டம் கலைந்ததும் சிஹாரு தம்ளர்களைக் கழுவப் போனாள். இரண்டில் மூடிகள் நிரம்பியிருந்தன. மூன்றாவதைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை. பலகைக்கு வந்து, டிசம்பர் ஏழுக்குக் கீழே முதலில் இருந்த பெயரைத் துடைத்தாள். அதற்குக் கீழே தொட்டிமீனும் மூணாம் மாடியும் அப்படியே இருந்தன.

“ஏய், என்னத்த அழிக்கறே?” டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்த தொதொரோகி நின்றான்.

“என் பேரை. அன்னிக்கு நான் பாடப்போறதில்ல. இங்க மாஸ்டர் விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

தொதொரோகி டிரம்மைக் கீழே வைத்தான். “மாஸ்டர், அப்ப எங்களுக்கு ஏழாம் தேதி வேண்டாம்.”

“ஏன்டா, போன வாரம் கெஞ்சிக் கெஞ்சித்தானே வாங்கினே!”

“எங்களுக்கும் வேண்டாம்,” என்று மேடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த மூணாம் மாடியின் மினாசெ திரும்பாமலே குரல் கொடுத்தாள். “நாரை என்னிக்குப் பாடுதோ அன்னிக்கு ஒரு தேதி கொடுங்க. பலகையில இவ பேரைப் பார்த்துட்டுத்தானே நாங்க எல்லாரும் ஏழாம் தேதியைக் கேட்டோம்.”

மாஸ்டர் பலகையைப் பார்த்தார், காலித் தம்ளரைப் பார்த்தார், பின்வாசல் வழியாக மட்டுமே வந்துபோகும் இரண்டு குழுக்களின் எட்டுப் பேரையும் பார்த்தார்.

“யாரைப் பார்க்க வந்தீங்கன்னு இவங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லையே,” என்றவர், துடைப்பானைச் சிஹாருவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “சாக்பீஸ் தீர்ந்துபோச்சு. நாளைக்கு வரும்போது வாங்கிட்டு வந்து, முதல் வேலையா அந்தப் பேரை மறுபடி எழுது.”