பூஜை போட்ட பழைய இரும்பு

அவள் எலுமிச்சம்பழங்களை முன்சக்கரங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

கார் அசையவில்லை.

அசையாது. ஆவணியிலேயே எஞ்சின் செத்துப்போயிருந்தது.

அதற்காக ஆயுத பூஜையை விட முடியுமா? பானெட் முழுக்கச் சந்தனம், குங்குமம். முன்னால் இரண்டு பக்கமும் கட்டிய வாழைக்கன்று. கழுத்து இல்லாத குறையை மறைத்துக்கொண்டு ஒரு சாமந்தி மாலை. அன்று காலை குன்னூரில் அதைவிட லட்சணமான மாப்பிள்ளை இல்லை.

மாப்பிள்ளையை நாளைக்கு இரும்புக்கடைக்கு அனுப்புகிறார்கள்.

எஞ்சினைக் கொன்றது பக்தி. சூடு காட்டும் முள்ளுக்கு நேர் முன்னால் பிள்ளையாரை ஒட்டிவைத்திருந்தார் அவள் கணவர். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறிய அன்று, பிள்ளையாரின் முதுகுக்குப் பின்னால் முள்ளும் சேர்ந்து ஏறியது. வளைவுக்கு வளைவு ஏறி, நேராகக் கைலாசம் போய்ச் சேர்ந்தது. பானெட்டைத் திறந்தபோது வந்த ஆவியில் ஒரு கல்யாணத்துக்கே இட்லி அவித்திருக்கலாம்.

பிள்ளையார் மட்டும் சிரித்த முகமாக இருந்தார்.

மெக்கானிக் ஜெபராஜ் வந்து பார்த்தான். எஞ்சினை இறக்கி வேலை பார்த்தால் இன்னொரு ஆயுசு ஓடும் என்றான். இரும்புக்கடை செல்லையாவும் வந்து பார்த்தார். எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

கணவர் முடிவெடுத்தார். முடிவெடுப்பதில் அவருக்கு ஈடு இந்த மலையிலேயே கிடையாது. தப்பான முடிவையும் யானைமேல் உட்கார்ந்த மாதிரி எடுப்பார்.

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு எஞ்சின் எதுக்கு?"

தோசை தின்றுகொண்டே சொன்னார்.

அவள் இன்னொரு தோசை வைத்தாள்.

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. அரசாங்கம் கொடுத்த அசல் லைசென்ஸ். ரயிலில் காட்டியிருக்கிறாள். பேங்கில் காட்டியிருக்கிறாள். சிம் கார்டு வாங்கக் காட்டியிருக்கிறாள். கார் ஓட்டிக் காட்டியதுதான் இல்லை. அவள் சாவியைக் கேட்ட நாளெல்லாம் மழை. மழை இல்லாவிட்டால் மூட்டம். மூட்டமும் இல்லாவிட்டால் டூரிஸ்ட் கூட்டம். அவர் சொல்வதை நம்பினால், வெள்ளைக்காரன் மலை ஏறிய நாளிலிருந்து இந்த ரோடு ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

பழம் நசுங்காமல் பூஜை முடியாது. வண்டி நகராமல் பழம் நசுங்காது.

தெருவே தள்ள வந்தது.

"இரும்புக்குப் போறதுக்கு இத்தனை அலங்காரமா சார்?" என்றார் எதிர்வீட்டு நஞ்சுண்டன்.

கணவர் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். அவர் கை வைக்காமல் உலகத்தில் எது நகர்ந்திருக்கிறது?

"நீ உள்ள உக்காரு புள்ள. ஸ்டியரிங்கைச் சும்மா புடிச்சுக்க. பழம் நசுங்குனதும் பிரேக்கை ஏறி மிதி. எஞ்சின் ஓடாதப்ப அது கல்லாட்டம் இருக்கும்."

"அக்கா, எங்களை விட்டுட்டு ஊட்டிக்குப் போயிராதீங்க!" பக்கத்துவீட்டுப் பூங்கோதை கத்தினாள். தெரு சிரித்தது.

அவளும் சிரித்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள். சாவியைத் திருகினாள். டேஷ்போர்டு முழுக்கச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. கை பிரேக்கை இறக்கினாள்.

"தள்ளு!"

அவர் போட்ட சத்தத்தில் எதிர்மலைத் தேயிலை இரண்டு இலை உதிர்த்தது.

கார் முனகியது. நகர்ந்தது.

பழங்கள் நசுங்கின.

"போதும்! மிதி!"

மிதித்தாள். கல்தான். ஆனால் சொன்னால் கேட்கிற கல். வண்டி குனிந்து நின்றது.

முன்னால் கேட் திறந்திருந்தது. கேட்டுக்கு அப்பால் சரிவு.

காலை எடுத்தாள்.

கோயில் யானை கிளம்புவதுபோல வண்டி கிளம்பியது. அவசரமில்லை. வாழை இலைகள் இரண்டு பக்கமும் ஆசீர்வாதம் செய்துகொண்டே வந்தன.

"ஏம்புள்ள! மிதி! மிதி!"

நடுரோட்டில் ஓர் ஆடு. ஹாரன் அடித்தாள். ஆடு ஒதுங்கியது. வீட்டில் அவள் சொல்லி யாரும் இவ்வளவு சீக்கிரம் ஒதுங்கியதில்லை.

வளைவு வந்தது. மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். ஸ்டியரிங் அம்மிக்கல்லாகக் கனத்தது. அவள் அம்மி அரைத்த கைக்காரி.

கண்ணாடியில் கணவரைக் காணோம். படிக்கட்டுக் குறுக்குவழியில் இறங்கிவிட்டார். மங்கிய கண்ணோடு, அந்த வழுக்குப் படிகளில், வேட்டியைப் பிடித்துக்கொண்டு மான் மாதிரி இறங்கினார் என்று நஞ்சுண்டன் இன்றைக்கும் சொல்கிறார்.

சரிவு முடிகிற இடத்தில் பாதை பிரிகிறது. இடதுபக்கம் செல்லையாவின் இரும்புக்கடை. வலதுபக்கம் ஜெபராஜின் ஒர்க் ஷாப்.

பிரிகிற இடத்தில் அவர் நின்றிருந்தார். மூச்சு இரைத்தது. இரண்டு கையையும் விரித்து வழியை மறித்துக்கொண்டிருந்தார்.

அவள் வேகத்தைக் குறைத்தாள். விரலால் ஒரு தட்டு.

வலதுபக்க விளக்கு மின்னத் தொடங்கியது.

அவர் அதைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி விளக்கைப் பார்த்தார்.

எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

அவர் திரும்பி நின்று, கையை உயர்த்தி, பஸ்ஸை நிறுத்தினார்.