பெரிசையே போடு!

“வேண்டவே வேண்டாங்க, சின்னதே போதும்!” என்று மனைவி சொன்ன பிறகுதான் ராக்கெட் ஒரு முடிவுக்கு வந்தார்.

“பெரிசையே போடுப்பா!” என்றார் மெக்கானிக்கிடம்.

ராக்கெட் என்பது அவர் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம். பிழைப்பு என்னவோ இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. கார் லேசாக இருந்தால் பறக்கும் என்று பின்சீட்டைக் கழற்றினார், தரைவிரிப்பை உருவினார், ஸ்டெப்னியைக்கூட வீட்டிலேயே போட்டுவிட்டார். தொப்பையை மட்டும் பத்திரமாக முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார்.

போன பந்தயத்தில் சாலைத் தடுப்பில் மோதி, கை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். சோறு ஊட்டிவிட்டவள் மனைவிதான். கட்டுப் பிரித்த மறுநாளே, வரும் ஞாயிற்றுக்கிழமை அதே சாலையில் மறுபடியும் பந்தயம் என்று ஆபீஸ் நண்பர்களிடம் சவால் விட்டுவிட்டு வந்திருக்கிறார். பட்டும் புத்தி வராத ஜென்மம்!

மேஜைமேல் இரண்டு கார்புரேட்டர்கள் இருந்தன. ஒன்று டம்ளர் அளவு, மற்றது சொம்பு அளவு.

“யோசிச்சுக்குங்க சார். உங்க எஞ்சின் சின்னது. அது இழுக்கிற காத்துக்கு இது ரொம்ப ஜாஸ்தி” என்றார் மெக்கானிக்.

“பெரிசுன்னா நிறைய காத்து, நிறைய பெட்ரோல், நிறைய வேகம்! இதுகூடத் தெரியாம கடை வச்சிருக்கியா?”

“இது பெட்ரோலைக் குடிச்சே நம்மளை நடுத்தெருவுல நிறுத்திடும்ங்க. ஒரு தடவையாவது என் பேச்சைக் கேளுங்களேன்!” என்றாள் மனைவி.

“குக்கர் விசிலை எண்றதோட நிறுத்திக்கோ. கார் விஷயத்துல வாயைத் திறக்காதே!”

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். அவள் வலது என்றால் இவர் இடது. அதற்குப் பெயர் ஆண்மை என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மெக்கானிக் பெரியதை மாட்டி, திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார் விக்கியது, இருமியது, கிட்டத்தட்ட செத்தே போனது. பிறகு பெரிதாக உறுமியது.

“கேட்டியா சத்தத்தை? சிங்கம்யா!”

“சத்தம்தான் சார் வருது. மிதிச்சா திணறுது. இதுக்கு மேல டியூன் பண்ண வழியில்ல. சின்னதுன்னா அம்பு மாதிரி கிளம்பியிருக்கும்.”

“புதுசுல்ல, கூச்சப்படுது. ஓட ஓட சரியாயிடும். ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்” என்று ராக்கெட் ஏறி உட்கார்ந்தார். கார் குலுங்கிக் குலுங்கித் தெருமுனை வரை போனது.

மெக்கானிக்குக்குக் கஷ்டமாக இருந்தது. “எவ்வளவோ சொல்லிப் பாத்தேம்மா, கேக்கலையே. ஞாயித்துக்கிழமை சைக்கிள்காரன்கூட இவரை முந்திடுவான்.”

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

“அதுக்குத்தாண்ணே சின்னதைப் போடச் சொன்னேன்!”