ஜப்பான் மீனாட்சி

“மீனாட்சி மேல சாமி வந்துட்சி!” என்றார் என் மாமனார் துலுக்கானம்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிவியில் சாமி இறங்கியிருக்கும்போது அவர் எதையும் குடிப்பதில்லை.

திரையில் அவள் பெயர் மினாமி. பெரிய பாடகி ஆகத் துடிக்கும் ஜப்பான் பெண். மாமாவின் வாயில் முதல் நாளே மீனாட்சி ஆகிவிட்டாள்.

இரண்டு விளையாட்டுகளைக் கலந்து செய்த வீடியோ கேம் அது. ஒன்றில் ஆடிப் பாடும் பிள்ளைகள். இன்னொன்றில் வாளும் கவசமுமாகப் பழங்காலத்து வீரர்கள். பாடுகிற பிள்ளை மேல் ஒரு வீரன் வந்து இறங்கினால் பேய்கள் அலறிக்கொண்டு ஓடும். ஒருத்தி அடித்ததும் மற்றவர்கள் பாட்டோடு பாட்டாகச் சேர்ந்து அடிப்பார்கள். இதெல்லாம் என் கணவன் சரணுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. ஆடி மாதத்துக்கு ஆடி மாதம் அம்மன் கோயிலில் நின்ற மாமாவுக்கு யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

நான் விளையாடுவேன். அவர்கள் ஜப்பான் மொழியில் பேசுவார்கள், கீழே இங்கிலீஷ் ஓடும். மாமாவுக்கு இங்கிலீஷ் வராது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதனால் சரண் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடுகிற வரிகளைத் திருமுல்லைவாயில் தமிழில் எடுத்துவிடுவான். டோக்கியோ பிள்ளைகள் எங்கள் ஹாலில் “இன்னாம்மே” என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

வீட்டில் நாங்கள் மூவரும் குழந்தையும்தான். ஆபீஸிலிருந்து வந்து, குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, கேமைப் போடும் இந்த ஒரு மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்று மட்டும் மனம் விளையாட்டில் இல்லை.

சனிக்கிழமை ஆபீஸ் ஆண்டு விழா. மேடையில் பாடப் பெயர் கொடுத்திருக்கிறேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அவர் கோபக்காரராக இருந்தால் சண்டை போட்டாவது போய்விடலாம். நல்ல மனிதர். அவர் ஒரு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் ஆசைப்படக்கூட எனக்கு மனசு வராது. பிறந்த வீட்டில் பாட்டைப் பற்றி எப்போது வாயைத் திறந்தாலும் வேண்டாம்தான். கேட்கிற பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

“நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்று சரண் போன வாரமே மார்தட்டினான். தெருவுக்கே வாய் அடிப்பவன், நைனா முன்னால் மட்டும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தான்.

சண்டை முடிந்தது. மினாமி தோழியோடு ஒரு பேக்கரிக்குப் போனாள். பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, இந்தக் கடை பன் பஞ்சு மாதிரி இருக்கிறதே என்றாள். கீழே அப்படித்தான் ஓடியது.

சரண் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மீனாட்சிக்கு மேடையில பாடணும்னு ஆசை, நைனா. ஊட்ல பெரியவரு இன்னா சொல்லுவாரோன்னு பயந்துகினு கீது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டன் மேலிருந்த கட்டைவிரல் அப்படியே நின்றது.

மாமா திரையை உற்றுப் பார்த்தார்.

“பயந்துகினு கீறவ இன்னாத்துக்கு வாய் நெறிய பன்னு துன்றா?”

“கவல, நைனா. கவலைல துன்றா.”

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீரும் முட்டியது.

“பெரியவரு வேணான்னாரா?”

“இல்ல நைனா... இன்னும் கேக்கவே இல்ல.”

மினாமி கையில் பன்னோடு சிரித்தபடி நின்றாள். நான் பட்டனை அழுத்தினால்தான் அவள் அடுத்த வார்த்தை பேசுவாள். எனக்கு அழுத்தத் தைரியம் வரவில்லை. சரண் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

இதையும் கதை என்றே நம்பிவிட்டாரா? முகத்தைப் பார்த்தால் நம்பியது போலத்தான் இருந்தது. எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

மாமா டீ கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டடி வைத்தவர் நின்றார். என்னையும் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

“மீனாட்சிய தைரியமா போவச் சொல்லு. சனிக்கெழம கொயந்தய நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

சரண் சனிக்கிழமை என்று சொல்லவே இல்லை.

கேமில் மீனாட்சிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.